கிண்ணத்தில் மோதிரம்

நிச்சயதார்த்தத்தன்று எழிலரசிக்கு மோதிரம் போட்டுவிட்ட கையோடு, சபாபதி தன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான். முகூர்த்தத்துக்குள் பெண்ணின் கை வியர்ப்பது நின்றாக வேண்டும் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வியர்வையை நிறுத்தும் மின்சிகிச்சைக்காக, இன்று பத்தாவது தடவையாக எழிலரசி தோல் மருத்துவமனையில் லேசான மின்சாரம் பாயும் இரண்டு ட்ரே தண்ணீரில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். எறும்பு ஊர்வதுபோல் மின்சாரம் உள்ளங்கையில் ஏறியது. உலோகம் ஆகாதென்று நர்ஸ் கழற்றி வாங்கிய மோதிரம் கிண்ணத்தில் கிடந்தது.

“இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர். இவ தாங்குவா” என்றான் கூட வந்திருந்த சபாபதி.

இருபது நிமிடம் முடிந்ததும் எழிலரசி கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியைக் காட்டினாள். “நீங்களும் ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்களேன்.”

“எனக்கெதுக்கும்மா?” என்று சிரித்தபடியே இரண்டடி பின்னால் போனான். உள்ளங்கைகளைப் பேன்ட்டில் அழுத்தித் தேய்த்தான். சாம்பல் நிறத் துணியில் இரண்டு ஈரத் தடங்கள் விழுந்தன. அவள் அவற்றையே பார்த்தாள்.

வாசல் தாண்டும்போது நர்ஸ் ஓடிவந்தாள். “மேடம், மோதிரத்தை மறந்துட்டீங்க.”

“மறக்கல சிஸ்டர். அவர்கிட்டயே குடுத்துருங்க. கையைத் துடைச்சுட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.”