வழுக்காத கத்தி

சவரிநாதன் பைக்குள்ளிருந்து முழ நீளத்துக்கு ஒரு ஃபைபர் பலகையை எடுத்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பலகையை நன்றாக நனைத்தான்.

கடைக்காரன் ஃபவாஸ் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த செல்போன் கவர்களை அள்ளி ஓரம் கட்டினான்.

தண்டையார்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை அது. சென்ட், டார்ச், கைக்கடிகாரம் எல்லாம் உண்டு. மடக்குக் கத்திகளுக்கென்று தனியாக ஓர் இழுப்பறை. அதைத் தேடி வருகிற ஆட்களெல்லாம் ஃபவாஸுக்கு அத்துப்படி. ஒருவர் இரும்பின் தரத்தைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். இன்னொருவர் பிடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு நழுவிவிடுவார். புதிதாகக் கத்தி சேர்க்க ஆரம்பித்தவர்கள்தான் உயிரை வாங்குவார்கள்.

சவரிநாதனும் அப்படி ஒரு புதுக் கிறுக்கு என்றுதான் ஃபவாஸ் நினைத்திருந்தான்.

"அண்ணாத்தே, எல்லாரும் கத்தி எப்டி வெட்டுதுன்னு பாப்பாங்கோ. நீ இன்னாடான்னா அத்த சறுக்குமரம் வுட்டுக்கினு கீற."

சவரிநாதனுக்கு அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

காசிமேட்டில் அவன் படகு கரையேறியே கிடக்கிறது. தம்பி ஜெரி போனதிலிருந்து அவன் கடலில் கால் நனைக்கவில்லை. வலை இறக்கும்போது கயிறு காலில் சுற்றி ஜெரியைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. வீட்டுச் சுவர் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, ஈஸ்டருக்கு ராசியாகி, அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து போன முதல் நாள் அது.

கூட்டாளி வல்லரசு தினமும் வாசலில் வந்து நிற்கிறான், படகை எப்போது தள்ளலாம் என்று. நல்ல கத்தி ஒன்று கிடைக்கட்டும் என்று இவனும் தினமும் சொல்லி அனுப்புகிறான். பீரோவில் கத்திகள் சேர்ந்துகொண்டே போகின்றன. மனைவி அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

கல்லறையில் மண் போடும்போதுகூட அவனுக்கு அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை, தூக்கம் தெரியவில்லை. துக்கம் என்று ஒன்று வந்து தொலைத்தால்கூடத் தேவலை.

ஃபவாஸ் முதலில் விக்டோரினாக்ஸ் கத்தியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தான். அவன் வைப்பான், சவரிநாதன் எடுத்துக்கொள்வான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வரும். இது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்கிறதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சிவப்புப் பிடி. கத்தரிக்கோல், ஊசி, திருப்புளி எல்லாம் அதற்குள்ளேயே. அழகுதான். நகத்தைக் கொடுத்துத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. சவரிநாதன் அதை நனைந்த பலகையில் வைத்து, பலகையின் ஒரு முனையை லேசாகத் தூக்கினான். சறுக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியில் விழுந்தது.

அடுத்து வந்த ஒப்பினெல் கத்திக்கு மரப்பிடி, கழுத்தில் வளையம். கைக்கு இதமாக இருந்தது. அதுவும் சறுக்கியது, கொஞ்சம் நிதானமாக.

ஸ்பைடர்கோ கத்தியின் அலகில் பெரிய துளை. கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறந்துகொண்டது. சவரிநாதன் இடது கையால் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். தலையை லேசாக ஆட்டினான். ஃபவாஸுக்கு நம்பிக்கை வந்தது.

பலகையில் வைத்தான். அதுவும் போயிற்று.

கடைசியாக ரப்பர் பிடி போட்ட ஒன்று வந்தது. பலகையைத் தூக்கினான், நின்றது. இன்னும் தூக்கினான், அப்போதும் நின்றது. ஃபவாஸ்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். படகு ஓர் அலைக்குச் சாய்கிற அளவுக்குத் தூக்கியதும் கத்தி கிளம்பிவிட்டது.

"வழுக்காத கத்தி எந்தக் கம்பெனிலயும் கெடியாது அண்ணாத்தே" என்றான் ஃபவாஸ் சலித்துப்போய். "அத்த இன்னாத்துக்குக் கீழ வெக்கிற? கைலயே வெச்சுக்கயேன்."

சவரிநாதன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ஜெரி ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டியிருந்தான், கத்தி கேட்டு. சவரிநாதனின் ஒரு கை வலைக்கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தது. மறு கையால் இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பல்லால் கடித்துத் திறந்தான். தம்பியின் விரல்கள் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன.

இப்போதுதான் ராசியாகியிருக்கிறோம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

கத்தியை விளிம்புப் பலகையில் வைத்தான், தம்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று.

பெரிய அலைகூட இல்லை.

ஃபவாஸ் ரப்பர் பிடிக் கத்தியைத் துணியால் துடைத்து மடக்கி, வழக்கம்போலக் கண்ணாடிமேல் வைக்கக் குனிந்தான். சவரிநாதன் உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

"கைல குடு பாய்."

"வேணா அண்ணாத்தே. நமக்குள்ள சண்ட வந்துரும்."

"வரட்டும்" என்றான் சவரிநாதன். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.