எண்ணெய் பட்ட தகரம்

மூன்றாவது முறையும் அடிப்பூச்சான பிரைமர் கொப்புளித்துவிட்டது. அந்தப் பழைய மோரிஸ் மைனர் காரின் பானெட் முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது. பெயிண்டர் இன்னாசி நகத்தால் கீறினான். தோலாக உரிந்து வந்தது. நேற்று உப்புத்தாளால் தகரம் வெளுக்கும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்துவிட்டுத்தானே போனான்? முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து முகர்ந்தான். வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாடை.

"இதுல எண்ணெய் தடவுனீங்களா சார்?"

கார்க்காரர் தெய்வநாயகம் பெருமையாகச் சிரித்தார். "வெறுந்தகரமாக் கெடந்தா துரு பிடிச்சிரும்லா? தினம் ராத்திரி பஞ்சுல தொட்டு, பச்சப்புள்ளைக்குத் தடவுற மாதிரி தடவுதேன். காலையில துடைச்சும் வச்சிருதேன்."

ஷெட்டை ஒட்டிய வீட்டு ஜன்னலுக்கு உள்ளிருந்து, மாதக்கணக்கில் படுக்கையோடு கிடக்கும் அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்தப் புண்ணு எண்ணெயக் கொண்டாங்களேன். முதுகு எரியுது."

"தீந்துபோச்சுன்னு சொன்னேன்லா!" என்று கத்தினார்.

ஷெட் மூலையில் பாட்டில் நின்றது. பாதிக்குமேல் எண்ணெய் இருந்தது. இன்னாசி போய் மூடியைத் திறந்து முகர்ந்தான். அதே வாடைதான். பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"மொதல்ல அம்மாவுக்குத் தடவிட்டு வாங்க. அப்புறந்தான் வண்டியத் தொடுவேன்."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கார் கதவுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்லா?"

இன்னாசி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தான். "அம்மா, எண்ணெய் இருக்கும்மா" என்று உரக்கச் சொன்னான்.

"தீந்துபோச்சுன்னுல்லா சொன்னாரு?" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல்.