வேளைக்கு ஒரு டீ

"எத்தனை நாளாத் தூக்கமில்லேம்மா?" நடுங்கும் கையைப் பிடித்து நாடி பார்த்தபடியே கேட்டார் மயிலாப்பூர் டாக்டர்.

"பத்து நாளா," என்றாள் சகினா. "யுத்தத்துக்குப் போற சட்டை ஆயிரம் கீது. வூட்டுக்காரர் தைப்பாரு, நான் காஜா எடுப்பேன். பசியும் இல்ல, களைப்பும் இல்ல. இன்னிக்கு மயக்கம் போட்டு வுயுந்துட்டேன்."

டாக்டர் அவள் கணவன் மெஹபூப் அலியைப் பார்த்தார். "பாய், உங்க சோர்வுக்கு நான் எழுதிக் கொடுத்த, தூக்கத்தை விரட்டுற மாத்திரையை இவங்களும் எடுத்துச் சாப்பிட்டாங்களா?"

"நான் அதைத் தொட்டதே இல்லீங்க!" சகினா பதறினாள். "அவர் போட்டுத் தர்ற டீயிலதான் என் பொழுதே ஓடுது. பதினாலு வருஷமா அடுப்புப் பக்கமே வராதவரு, இப்போ வேளைக்கு ஒரு டீ போட்டுக் கையில குடுக்கிறாரு."

டாக்டர் அவள் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மெஹபூப் அலியால் இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"சொன்ன தேதிக்குள்ள முடிக்கலன்னா ஆர்டர் போயிடும்னு பயந்துட்டேன்," என்றான். "டீயில மாத்திரையைக் கலந்தது நான்தான், சகினா. என்னை மன்னிச்சுடு."

சகினாவின் கண்கள் நிறைந்தன.

"தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே," என்றாள் மெதுவாக, "என் வூட்டுக்காரருக்கு என்மேல எவ்ளோ பிரியம்னு."