எட்டில் ஒன்று

மார்ச் 4, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு. அட்டை வட்டங்களை நான்காக வெட்டியிருக்க வேண்டும். ஒரு மடிப்பு கூடுதலாக மடித்துவிட்டேன்; எட்டாகிவிட்டன.

புதிதாக வெட்ட நேரமில்லை. நான்காம் வகுப்பில் இதுதான் என் முதல் பாடம். ஆசிரியர் பயிற்சிக்கு நான் போகும் மாலை வகுப்பின் விரிவுரையாளர், மதிப்பெண் போடப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பாசிரியர் காதோடு சொன்னார்: “ஜன்னலோரம் இருக்கிற பொண்ணு வாயே தொறக்காதும்மா. நீ தொறக்க வச்சிட்டா பாஸ்தான், போ.”

ஆளுக்கு எட்டுத் துண்டு கொடுத்தேன். எட்டும் சேர்ந்தால் ஒன்று. நான்கு சேர்ந்தால் அரை. இரண்டு சேர்ந்தால் கால். பிள்ளைகள் அடுக்கி அடுக்கிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் போனது.

ஒற்றைத் துண்டை ‘எட்டில் ஒன்று’ என்று சொல்லி முடித்திருக்கலாம். காலில் பாதி என்பதால் அதற்கு வந்த பழைய பெயரும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை.

பலகையில் ‘அரை’ என்று எழுதினேன். பக்கத்தில் ‘கால்’. இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும்படி ஜன்னலோரச் சிறுமியைக் கேட்டேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. ஆர்வம் என்று நினைத்தேன்.

“தெரியும்ல? சொல்லுடா கண்ணு.”

“அரைக்கால்.”

“கேக்கல. சத்தமா!”

மூன்று முறை சொல்ல வைத்தேன். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தேன்.

விரிவுரையாளர் ‘மாணவர் ஈடுபாடு: மிக நன்று’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஊன்றுகோலை எடுத்தாள். வலது முழங்காலுக்குக் கீழே பாவாடை வெறுமையாக ஆடியது.

வாசலில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். “ஏய் அரைக்கால்! வா, ஓடலாம்!”

வகுப்பாசிரியர் பிரம்பை எடுத்தார். ‘நொண்டி’ என்று கூப்பிட்டால் இங்கே அடி விழுமாம்.

“சார், கணக்குதான் சார் சொல்றோம்! புது டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க!”

அவர் என்னைப் பார்த்தார். பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டார்.

நாளை: இன்று நான் கொடுத்த வீட்டுப்பாடம் திருத்த வேண்டும். ‘அரைக்கால்’, பத்து முறை. எல்லோரும்.