அட்ஜஸ்ட்டுக்குத் தமிழ் என்ன?

"அட்ஜஸ்ட்டுன்னே எழுதுங்க சார். பச்சப்புள்ளைக்குக்கூடப் புரியும்" என்றான் கொளஞ்சி.

பத்திர எழுத்தர் அய்யம்பெருமாள் பேனாவை மூடிவைத்தார். பெரம்பலூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எழுதி எழுதிப் பழகிய கை. நான்கெல்லையைக் குறிக்காமல் முதல் வரியைத் தொடாது. குரும்பலூரில் இந்த ஹாலையும் அவர் ஒரு மனையைப்போல அளந்துகொண்டார்.

கிழக்கே, ஃபேனுக்கு நேர் கீழே, வீட்டுக்காரர் உத்திராபதி. மேற்கே சோபாவில் அவர் மகன் ரஞ்சித்குமார், கையில் போன். தெற்கே வாசலை மறித்து நாற்காலி போட்டுக்கொண்டு தாய்மாமன் கொளஞ்சி. வடக்கே சமையலறை நிலையைப் பிடித்தபடி உத்திராபதியின் மனைவி இருசம்மாள். காபி டம்ளரை வைக்கவும் எடுக்கவும் அதுதான் வசதி.

கடிதம் மருமகள் பரிமளாவுக்கு. அரியலூரில் சிமெண்ட் ஆலை லேபில் அவளுக்கு வேலை. போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். ரஞ்சித்குமாரின் நம்பரையும் மாமனார் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள். தபால்காரரை யாராலும் பிளாக் செய்ய முடியாது என்பது கொளஞ்சியின் கண்டுபிடிப்பு. இதற்கும் அவள் வரவில்லை என்றால் அடுத்தது வக்கீல் நோட்டீஸ்தான் என்று முடிவாகியிருந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா குடும்பம் நடக்கும். அவ்வளவுதானே விஷயம்?" என்றார் உத்திராபதி.

"அந்த வார்த்தைக்கு எல்லையே கெடையாதுங்க. பஸ்ல எடம் கேக்குறவனும் அட்ஜஸ்ட்டுங்கிறான், லஞ்சம் கேக்குறவனும் அட்ஜஸ்ட்டுங்கிறான். போட்டோக்காரன் தாடையைத் திருப்புறதும் அதேதான். நாளைக்கு அந்தப் பொண்ணு 'நான் அட்ஜஸ்ட் பண்ணிட்டுதானே இருந்தேன்'னு சொன்னா என்ன பண்ணுவீங்க? நல்ல தமிழ்ல போடுவோம். 'ஒத்துப்போகவும்'னு போடட்டுமா?" என்றார் அய்யம்பெருமாள்.

ரஞ்சித்குமார் போனிலிருந்து தலையெடுத்தான். "ஒத்துப்போறதுன்னா ரெண்டு பேருமில்ல போகணும்? நான் எங்க போறது?"

"சரி, 'விட்டுக்கொடுக்கவும்'?"

"அவ விட்டுக்கொடுத்தான்னா நியாயம் அவ பக்கம் இருந்துச்சுன்னு ஆயிடாதா?" என்றான் கொளஞ்சி.

"'பொறுத்துக்கொள்ளவும்'?"

"பொறுத்துக்கற அளவுக்கு நாங்க என்னய்யா பண்ணிட்டோம்?" உத்திராபதிக்கு மூக்கு சிவந்தது.

'அனுசரித்து நடக்கவும்' என்று ஒரு வரி எழுதிக் காட்டினார் அய்யம்பெருமாள். துக்கம் அனுசரிக்கிற மாதிரி இருக்கிறது என்று கொளஞ்சி அதையும் தள்ளினான். இத்தனை காலம் எதற்கும் அசராத தமிழ், அந்த ஹாலில் முதுகு மண்ணில் பட விழுந்தது.

"அப்ப வார்த்தையே வேணாம்" என்றார் அய்யம்பெருமாள். "அந்தப் பொண்ணு என்னென்ன செய்யணுமோ, அதை ஷரத்து ஷரத்தாச் சொல்லுங்க."

இது எல்லோருக்கும் பிடித்துப்போனது.

"வேலையை விடணும். அவ பஸ்ஸைப் பிடிக்க ஓடுனா எனக்கு யாரு இட்லி எடுத்து வைக்கிறது?" என்றான் ரஞ்சித்குமார்.

"அப்பன் வூட்டுக்கு நல்ல நாளுக்கு மட்டுந்தான் போகணும். அதுவும் நம்மளைக் கேட்டுட்டு" என்றார் உத்திராபதி.

"ஆம்பளைங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாது" என்றான் கொளஞ்சி.

"இதையும் எழுதிக்கங்கண்ணே" என்று குறுக்கே வந்தாள் இருசம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் சாப்புட்டப்புறம் சட்டியில மிச்சம் இருந்தா திங்கணும். இல்லேன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கணும்."

"பார்த்தீங்களா சார், அக்காவுக்கு எவ்வளவு வெவரம்!" கொளஞ்சி தொடையில் தட்டினான்.

"காய்ச்சல்னு படுக்கக் கூடாது. ஏய்னு கூப்புட்டாலும் என்னாங்கன்னு வந்து நிக்கணும். புருசன் குடிச்சிட்டு வந்து சோத்துத் தட்டை வீசுனா, பக்கத்து வூட்டுக்குச் சத்தம் கேக்காம பருக்கையப் பொறுக்கணும்."

"அம்மா, நான் குடிக்கறதில்லையே?" என்றான் ரஞ்சித்குமார்.

"இருக்கட்டும்டா. ஷரத்துல ஒண்ணு கூட இருந்தா என்ன, குறைஞ்சா போயிடும்?"

உத்திராபதி மட்டும் லேசாகச் செருமினார். பிறகு அவருக்கே பெருமை தாங்கவில்லை. "மாமியான்னா இப்படித்தான்யா இருக்கணும். எழுது, ஒண்ணு விடாம எழுது."

அய்யம்பெருமாள் ஒன்றுவிடாமல் எழுதினார். பத்திர வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை வாசித்தும் காட்டினார். மூன்று ஆண்களும் தீர்ப்புச் சொல்லி முடித்த நீதிபதிகளைப்போலச் சாய்ந்துகொண்டார்கள்.

"எழுதிக் கொடுக்கறவங்க யாரு? யார் கையெழுத்து?"

"நான் போடறேன்" என்று முன்னால் வந்தாள் இருசம்மாள்.

"போடுக்கா! மாமியா கையெழுத்துன்னா அதுக்குன்னு ஒரு கனம் இருக்குல்ல!" கொளஞ்சி எழுந்து நாற்காலியே கொடுத்துவிட்டான்.

அவள் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, நிதானமாகப் போட்டாள். அய்யம்பெருமாள் தாளை மடித்து உறைக்குள் செருகினார்.

"இருங்கண்ணே, ஒட்டிடாதீங்க. கீழ ஒரு வரி எழுதணும்."

"சுருக்குனு இருக்கட்டும், சொல்லு" என்றார் உத்திராபதி, மீசையைத் தடவியபடி.

"'பரிமளா, மேல எழுதுனதெல்லாம் இந்த வூட்டுல நான் செஞ்சு தீர்த்த வேலைங்க, நீ வராத. உங்க ஹாஸ்டல்ல சமையலுக்குச் சம்பளத்தோட ஆள் கேக்குறாங்கன்னு எனக்குப் போன்ல சொன்னியே, அந்த எடத்தை எனக்கு வைக்கச் சொல்லு, வர்ற திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்கு வரேன்.'"

எழுதிக் கொடுப்பவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிய அய்யம்பெருமாள், பசை தடவி உறையை ஒட்டினார்; மூன்று ஆண்களும் திறந்த வாயை மூடுவதற்குள் கடிதம் தபால்பெட்டிக்குள் விழுந்திருந்தது.