ஒரு கை குறைந்தது

"இந்தம்மா பேரை நான் எழுத மாட்டேன், ஐயா!"

செவ்வந்தி நோட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் போதகர் இளவரசனின் டீ தளும்பியது.

ஜமுனாமரத்தூருக்கு மேலே இருந்த அந்தச் சின்ன பாப்டிஸ்ட் சபைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வயது. சபை வரலாற்றை எழுதி வாசிக்கும் பொறுப்பு செவ்வந்திக்கு. மூத்தவர்கள் ஏழு பேருக்கு அன்று சால்வை. அதில் மங்கம்மாளும் உண்டு.

போதகர் நோட்டைப் பார்த்தார். 1993-ஆம் வருஷத்துக் கூட்டக் குறிப்பு.

'போளூரிலிருந்து மணமாகி வந்த செவ்வந்திக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் சேர்க்கலாமா? கை தூக்கியவர்கள் 22. தூக்காதவர் மங்கம்மாள்.'

"சேர்றவங்க வெளிய நிக்கணும், அதான் வழக்கம்னாங்க. நானும் கைப்பிள்ளையை உள்ள தூங்க விட்டுட்டு பனியில நின்னேன். உள்ள இந்த வேலை நடந்திருக்கு! அப்புறம் முப்பது வருஷமா வாயெல்லாம் பல்லு!"

"அது பழசு, அக்கா. விட்டுடுங்க."

"வரலாறுன்னா பழசைத்தானே ஐயா எழுதணும்?"

நோட்டை இடுக்கிக்கொண்டு நேராக மங்கம்மாள் வீட்டுக்கே போய்விட்டாள்.

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மங்கம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா செவ்வந்தி, மூஞ்சி ஒரு மாதிரி கீது? டீ வக்கட்டா?"

"டீ ஒண்ணும் வாணாம். இதுக்குப் பதில் சொல்லுங்க." படித்துக் காட்டினாள். "இந்த மலையில எனக்கு மொத சொந்தமே நீங்கதான்னு நெனச்சினு இருந்தேன். கீழே இருந்து வந்தவ நெலைக்க மாட்டான்னுதானே கையைத் தூக்கல?"

மங்கம்மாள் சிரித்துவிட்டாள்.

"கையை ஒசத்தலன்னு எழுதினவரு, ஏன் ஒசத்தலன்னு எழுதலியா?"

"நீங்களே சொல்லுங்க, ஏன்?"

"உன்னை வெளிய அனுப்பினதும், பாயில தூங்கினு இருந்த உன் பொண்ணு எழுந்து ஒரே அழுவ. சத்தம் கேட்டு நீ உள்ள ஓடியாந்தா அன்னிக்கு ஓட்டு நின்னு போயிரும். ரெண்டு கையாலயும் அவளை மார்ல அணைச்சினு, மூலையில ஆட்டினு நின்னேன். எந்தக் கையைடி ஒசத்தறது?"