மழை விளக்கக் கூட்டம்

வாழவந்தி சர்ச் கூடத்தில் 'எளிய தமிழில் வானிலை' கூட்டம் நடக்கிறது. திரையில் படம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருக்கிறார்கள். அந்த இருட்டில், சென்னையிலிருந்து வந்த முனைவர் இளஞ்செழியனின் பொன்னாடை மட்டும் மின்னுகிறது. செல்போனுக்கு வரும் மழை எச்சரிக்கையைப் பார்த்து விளைச்சலைக் காப்பாற்றுவது எப்படி என்று மறுபடியும் விளக்குகிறார். பின்வரிசையில் ரூபி எழுந்து நிற்கிறாள். "ஏனுங்க சார், வருசத்துக் காப்பிக்கொட்டை பூரா ஊட்டு வாசல்ல காயுதுங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேனுங்க." "உக்காருங்கம்மா, உங்களுக்காகத்தானே மழையைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்!" கூடம் சிரிக்கிறது; ரூபியும் சிரித்துக்கொண்டே உட்கார்கிறாள். சற்று நேரத்தில் தகரக் கூரை தடதடக்கிறது. மைக் இருந்தும் அவர் குரல் கேட்கவில்லை. யாரோ போர்வையை விலக்க, வெளியே வெள்ளையாய் மழை. ரூபி கூடத்து வாசலுக்கு ஓடி, அங்கேயே நின்றுவிடுகிறாள். இளஞ்செழியன் பையிலிருந்து செல்போனை எடுக்கிறார். கூட்டத்துக்காகச் சத்தத்தை அணைத்து வைத்த போனில் எச்சரிக்கை வந்து அரை மணி நேரம் ஆகிறது. பொன்னாடையைக் கழற்றி மடிக்கப் பார்க்கிறார். மடிப்பு சரியாக வரவில்லை. ரூபி திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "நீங்க சொல்லுங்க சார். இனி நனையறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க."